அரிசி அறையைப் பூட்டியது நான்தான்

பாலு,

இந்தக் கடிதத்தை எழுத்து பெரிதாக, வரிக்கு வரி இடம் விட்டு எழுதியிருக்கிறேன். நீ மெதுவாகத்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். அவசரமில்லை, இரண்டு நாள் ஆனாலும் சரி, முழுக்கப் படி. போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ நடுவில் பேசுவாய், நான் அழுதுவிடுவேன், விஷயம் பாதியில் நின்றுவிடும். இத்தனை வருஷமும் அப்படித்தான் நின்றது.

போன வாரம் நீ வந்தபோது முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னாய். முதுகுவலிக்குச் சீட்டுப் போட நீ பெயரும் ஊரும் சொன்னதைக் கேட்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மாள், "நீ சத்துணவு டீச்சர் பையன் பாலு தானேப்பா?" என்று கேட்டிருக்கிறாள். திரும்பிப் பார்த்தால் கஸ்தூரி டீச்சர். மூன்றாம் வகுப்பில் உனக்குப் பாடம் எடுத்தவள். "ஆமா, அரிசி ரூமுல போட்டுப் பூட்டினீங்களே, அந்தப் பாலு தான்" என்று அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்கிறாய். அவள் ஒன்றும் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டாள் என்றாய். "ரொம்ப நாளா நெஞ்சுல கெடந்ததும்மா, எறக்கி வெச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு டீ கேட்டாய். நானும் போட்டுக் கொடுத்தேன். நீ குடித்துவிட்டுக் கிளம்புகிற வரைக்கும் நான் வாயே திறக்கவில்லை.

அந்த அறையை அவள் பூட்டவில்லை. பூட்டியது நான். சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். பாதிதான் உனக்குத் தெரியும், அந்தப் பாதியிலும் பொய் கலந்திருக்கிறது. எண்பதுகளின் நடுவில், பெருமுக்கல் பக்கத்தில் நம் ஊர்த் தொடக்கப் பள்ளியில் நான் சத்துணவு அமைப்பாளராக இருந்தேன். அரிசி, பருப்பு அளந்து கொடுப்பது, பிள்ளைகள் தலையை எண்ணி நோட்டில் எழுதுவது, சமையல் காசியம்மாளைப் பார்த்துக்கொள்வது, இதுதான் வேலை. சமையல் கூடத்தை ஒட்டி அரிசி மூட்டை அடுக்குகிற சின்ன அறை ஒன்று இருந்தது. பள்ளிக்கூடம் முழுக்க என்னை மரியாதையாக சத்துணவு டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் டீச்சர் என்று பெயர் எடுத்தவளின் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்பில் 'படம்' என்று வாசிக்க வரவில்லை. 'டபம்' என்பாய். 'வலை' உனக்கு 'லைவ' ஆகும். ஒரு வரி படித்தால் அடுத்த வரியை விட்டு அதற்கும் கீழே தாவுவாய். ஹெட்மாஸ்டர் உன் காதைத் திருகுவார். வீட்டில் நான் அதற்கு மேல். ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து உன் விரல் முட்டியில் அடித்திருக்கிறேன். அமாவாசைக்கு மேல்மலையனூர் கூட்டிப்போய் அங்காளம்மன் சன்னதியில் உன்னை உருளச் சொல்லியிருக்கிறேன். இந்தப் பிள்ளைக்கு என்ன கஷ்டம் என்று மட்டும் ஒரு நாளும் யோசிக்கவில்லை.

யோசித்தவள் கஸ்தூரிதான். திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஒரு மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்ததும் என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்க புள்ள மக்கு இல்ல. நான் ஒரு கதை சொன்னா ஒரு வார்த்தை வுடாம திருப்பிச் சொல்றான். கணக்கை வாயால கேட்டா எல்லாருக்கும் முன்னாடி சொல்றான். எழுத்து தான் அவன் கண்ணு முன்னாடி நிக்காம ஓடிக்கினே இருக்குது."

"அதுக்கு இன்னா பண்றது டீச்சர்? வேப்பிலை அடிச்சிக்கூடப் பாத்துட்டேன்."

"அதெல்லாம் வாணாம். மொதல்ல அடிக்கறத நிறுத்துங்க. தெனம் அரை மணி நேரம் எங்கிட்ட வுடுங்க. நான் பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் அரிசி அறை வாசலில்தான் உனக்குப் பாடம். முறத்தில் மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதச் சொல்வாள். உன் முதுகில் அவள் எழுதுகிற எழுத்து எது என்று நீ கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும். மல்லாட்டையை உரித்து, கடலையை அடுக்கி 'ப' போடச் சொல்வாள், நீ போட்டதைவிடத் தின்றது அதிகம். பழைய காலண்டர் அட்டையில் பிளேடால் ஒரு சின்ன ஜன்னல் வெட்டிக் கொடுத்தாள். அதைப் புத்தகத்தின் மேல் வைத்தால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும், மற்றதெல்லாம் மறைந்துவிடும். ஜன்னலை நகர்த்தி நகர்த்தி நீ படிப்பாய். தப்பாகப் படித்தால் அவள் 'தப்பு' என்று சொல்லி நான் கேட்டதில்லை. "இன்னொரு வாட்டி பாரு, அது எங்கயும் ஓடாது" என்பாள். பரீட்சை வந்தபோது மற்ற பிள்ளைகள் எழுதினார்கள், உன்னை மட்டும் பக்கத்தில் வைத்து வாயால் கேட்டு, நீ சொன்னதற்கு மார்க் போட்டாள். அவளுக்கு இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. ஆனால் ஆறேழு மாதத்தில், ஏரியைப் பற்றிய பாடத்தில் எட்டு வரியை நீ முழுசாகப் படித்தாய். காசியம்மாள் கரண்டியைப் போட்டுவிட்டு வந்து கேட்டாள். நான் உள்ளே போய் மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன்.

அவளை நான் எப்படி நம்பினேன் தெரியுமா? கூடப்பிறந்த தங்கச்சியைக்கூட அப்படி நம்பினதில்லை. "அஞ்சாவது முடிக்கிற வரைக்கும் இவன் எம் பொறுப்புக்கா" என்று சொன்னாள். வீட்டில் கேப்பை அடை சுட்டால் அவளுக்கென்று இரண்டு எடுத்துப் போவேன்.

அப்புறம் இன்ஸ்பெக்ஷன் வந்தது. பெரிய ஆபீசர் வருகிறார் என்று பத்து நாளாகச் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். "ஆபீசர் முன்னாடி பாலுவ படிக்க வெக்கப் போறேன்" என்று கஸ்தூரி உன்னிடமே சொல்லிவிட்டாள். நீ அந்த எட்டு வரியை ஊரெல்லாம் படித்துக்கொண்டு திரிந்தாய். அன்று காலையில் நான் அரிசி அளந்துகொண்டிருந்தபோது அவள் வந்தாள். முகம் சரியாக இல்லை.

"அக்கா, ஹெட்மாஸ்டர் பேஜார் பண்றாரு. ஆபீசர் அட்டைய எடுத்துட்டு வேற பக்கத்தைத் தொறந்து படிக்கச் சொன்னா பள்ளிக்கூடத்து மானம் போயிடும்னு சொல்றாரு. பாலு இன்னிக்கு கிளாஸ்ல இருக்கக் கூடாதாம்."

"வீட்டுக்கு அனுப்பிடவா?"

"அழுதுக்கினே வழியில நிப்பான். ஆபீசர் பாத்துட்டாருன்னா இன்னும் மோசம். இங்க ரூமுல ஒரு மணி நேரம் இருக்கட்டும். இந்த ஒரு நாள் தாங்க்கா. அப்புறம் அவன் மேல யாரும் கை வெக்காம நான் பாத்துக்கறேன்."

மாட்டேன் என்று நான் சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்கிற பயம் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். மீதி வெட்கம். டீச்சர் என்று கூப்பிடுகிற அத்தனை பேர் எதிரில் நீ 'டபம்' என்று படித்துவிடுவாயோ என்று எனக்கும் பயமாக இருந்தது. உன்னைக் கூப்பிட்டு, "டீச்சர் உன்னை இங்க இருக்கச் சொன்னாங்க. ஆபீசர் தனியா வந்து கேப்பாரு. நான் திண்டிவனம் ஆபீசுக்குப் போய்க்கினு வந்துடறேன்" என்றேன். நீ புத்தகத்தையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு, சட்டைப் பொத்தானைச் சரி செய்துகொண்டு உள்ளே போனாய். நான் நாலு எட்டு நடந்துபோய், சத்தம் வராமல் திரும்பி வந்து பூட்டைப் போட்டேன்.

ஆபீசர் சாப்பாட்டை ருசி பார்க்கச் சமையல் கூடத்துக்கு வந்தார். ஹெட்மாஸ்டர் கூடவே வந்தார், கஸ்தூரியும் வந்தாள். நான் தட்டை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் குரலைக் கேட்டதும் நீ படிக்க ஆரம்பித்தாய், பாலு. கதவுக்குப் பின்னாலிருந்து, உரக்க, நிறுத்தி நிறுத்தி. ஏரி, கரை, கொக்கு என்று எட்டு வரியும். ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை.

"யாருய்யா உள்ள?" என்றார் ஆபீசர்.

ஹெட்மாஸ்டர் கஸ்தூரியைப் பார்த்தார். கஸ்தூரி என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த தட்டைப் பார்த்தேன். "சமையக்காரம்மா பையன் சார். கொஞ்சம் புத்தி சரியில்ல" என்று அவள் சொன்னாள். ஆபீசர் என் பக்கம் திரும்பி, "அப்படியாம்மா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். நீ என் பிள்ளை இல்லை என்று தலையாட்டினேன். அவள் பேசினது உன் காதில் விழுந்தது. நான் தலையாட்டினது உனக்குத் தெரியவில்லை. அவர்கள் போன பிறகு சாவியைக் காசியம்மாளிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லிவிட்டு, கிணற்றுப் பக்கம் போய் நின்றுகொண்டேன். சாயந்திரம் நீ, "அம்மா, டீச்சர் என்னை உள்ள போட்டுப் பூட்டிட்டாங்கம்மா" என்று சொல்லி அழுதபோது, "அப்படியாடா செஞ்சாங்க?" என்று கேட்டு உன்னைக் கட்டிக்கொண்டேன். உன் அப்பாவிடமும் அதையேதான் சொன்னேன். அவர் கண்ணை மூடுகிற வரைக்கும் அதையேதான் நம்பினார்.

இதற்கப்புறம் நடந்ததும் உனக்கு முழுசாகத் தெரியாது. மாமா வீடு விழுப்புரத்தில் இருந்ததால், அங்கே நல்ல பள்ளிக்கூடம் என்று உன்னைச் சேர்த்தோம் என்றுதான் உனக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த வருஷக் கடைசியில் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு, வேறு பள்ளிக்கூடம் பார்த்துக்கொள் என்று, அங்கே சேரக் காட்ட வேண்டிய உன் ரெகார்டு ஷீட்டைக் கையில் கொடுத்துவிட்டார். நீ கத்திப் படித்து மானத்தை வாங்கிவிட்டாய் என்று அவருக்குக் கோபம் தணியவில்லை. நான் அங்கேயே பிரித்துப் பார்த்தேன். 'மந்த புத்தி. மற்ற மாணவர்களுடன் கற்க இயலாதவன்' என்று எழுதியிருந்தது. கீழே ஹெட்மாஸ்டர் கையெழுத்து. ஆனால் மேலே எழுதியிருந்த எழுத்து, முத்து முத்தாக, உனக்கு மணலில் எழுதிக் காட்டுகிற அதே எழுத்து.

பஸ் நிற்கிற இடத்துக்கு ஓடினேன். அவள் பஸ்ஸுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

"இது நீங்க எழுதினது தானே?"

"என் கிளாஸ். நான் தான்க்கா எழுதணும்."

"எம் புள்ள மக்கு இல்லன்னு சொன்னது யாரு? ஊர்ல எவ்ளோ பேரு சொன்னாங்க, நான் நம்பினது உங்க ஒருத்தங்கள தானே?"

அவள் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள். லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது அவளைத் திண்டிவனத்துக்கே மாற்றிவிட்டார்கள் என்றார்கள். ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போகவில்லை. அந்தக் காகிதத்தில் உன்னைத் தெரியாதவன் எவனாவது எழுதியிருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. உனக்கு எது வரும், எது வராது என்று உலகத்திலேயே சரியாகத் தெரிந்திருந்தது அவள் ஒருத்திக்குத்தான். அவளே எழுதினாள். ஒரு மணி நேரத்துக்குப் பிள்ளையைக் கொடு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். நான் கொடுத்தேன். அவள் பார்த்துக்கொள்ளவில்லை.

விழுப்புரத்தில் இரண்டு பள்ளிக்கூடத்தில் அந்தக் காகிதத்தைப் பார்த்ததுமே இடமில்லை என்றுவிட்டார்கள். மூன்றாவது பள்ளிக்கூடத்தில் இருந்த ஹெட்மிஸ்ட்ரஸ் அதைப் படித்துவிட்டு, மடித்து மேஜைமேல் வைத்து, என்னை விட்டுவிட்டு உன்னைப் பார்த்தார். "உனக்கு எது படிக்க வரும்? அதைப் படி" என்றார். நீ பையிலிருந்து காலண்டர் அட்டையை எடுத்து, அவர் கொடுத்த புத்தகத்தின் மேல் வைத்து, தெரியாத பாடத்தில் நாலு வார்த்தை படித்தாய். வியர்த்துக் கொட்டியது உனக்கு. அவர் அட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத செஞ்சவங்களுக்கு வேலை தெரியும்மா. யாரு?" என்று கேட்டார். நீ சொல்லவில்லை. எனக்கும் அந்தப் பெயர் வாயில் வரவில்லை. "படிக்க நாளாவும். ஆனா வந்துடும். இங்க வுட்டுட்டுப் போங்க" என்றார். உன்னை மாமா வீட்டில் விட்டுவிட்டு ஊர் திரும்பி, மறுநாள் அதே அறையைத் திறந்து மற்றவர்கள் பிள்ளைகளுக்கு அரிசி அளந்தேன். நீ சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வருவாய். எட்டு வயசுப் பிள்ளை, விருந்தாளி மாதிரி மூலையில் பையை வைத்துவிட்டு உட்காருவாய்.

இப்போது உன் மகள் யாழினியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பொங்கலுக்கு வந்திருந்தபோது அவள் ஒரு வரியை விட்டு அடுத்த வரிக்குத் தாவினாள். நீ நோட்டைப் பிடுங்கி, "கண்ணு எங்க இருக்குது?" என்று அவள் மண்டையில் தட்டினாய். நீயா பாலு? உன்னைத் தட்டினவர்களையெல்லாம் பெயர் சொல்லித் திட்டுகிறாயே, உன் கை எப்படி எழுந்தது? உன் குறை அவளுக்கு வந்துவிட்டதோ என்கிற பயம்தான், எனக்குத் தெரியும். அந்த வெட்கத்தை நானும் பட்டிருக்கிறேன். அது பிள்ளையை எங்கே கொண்டுபோய் உட்கார வைக்கும் என்றும் எனக்குத் தெரியும். அவள் பள்ளிக்கூடத்தில் போய், இந்தப் பிள்ளைக்கு வாசிப்பு கஷ்டம், நேரம் கொடுங்கள், வாயால் கேளுங்கள் என்று தலை நிமிர்ந்து சொல். நாலு பேர் எதிரில் சொல். இந்த ஒரு நாள் மட்டும் அவளை அனுப்பாதீர்கள் என்று யாராவது கேட்டால், என்ன சமாதானம் சொன்னாலும், ஒரு மணி நேரத்துக்குக்கூட ஒத்துக்கொள்ளாதே.

நேற்று முன்தினம் நான் முண்டியம்பாக்கம் போனேன். கஸ்தூரிக்குக் கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள். ஒரு கண்ணில் கட்டு, இன்னொன்று சரியாகத் தெரியவில்லை. பக்கத்தில் போய் நின்று, "நான் யாருன்னு தெரியுதா?" என்றேன்.

"குரல் தெரியுதுக்கா. உக்காருங்க."

"எம் புள்ள உங்களை அப்படிக் கேட்டப்ப, பூட்டினது நான் இல்லன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொல்லி இன்னா ஆவப் போவுது? பூட்டல, ஆனா எழுதினேனே. அது அவனுக்குத் தெரியல போல. சரி, அதுக்குச் சேர வேண்டிய திட்டு இதுக்கு வந்துதுன்னு வாங்கிக்கினேன்."

"ஏன் டீச்சர் எழுதினீங்க?" அந்தக் கேள்வியைத்தான் அத்தனை வருஷமாக வைத்திருந்தேன்.

"பயம். வேலை நிரந்தரம் ஆவல அப்ப. அவரு சொன்னாரு, எழுதினேன். கை நடுங்கிச்சின்னு சொன்னா நீங்க கொஞ்சம் ஆறுவீங்க. ஆனா நடுங்கல. ஜல்தியா எழுதிட்டு பஸ் புடிக்கப் போயிட்டேன்."

எனக்கு அவளை அடிக்க வேண்டும்போல இருந்தது. எழுந்துகொண்டேன். அப்போது அவள் கேட்டாள், "இப்ப படிக்கிறானா?"

"பேப்பர் படிக்கிறான். மெதுவா."

"வரி தாவுறானா இன்னும்?"

"களைச்சிப் போனா தாவுவான்."

"அப்ப களைச்சி வரும்போது படிக்கச் சொல்லாதீங்க" என்றாள், நீ இன்னும் மூன்றாம் வகுப்பில் இருக்கிற மாதிரி. நான் திரும்ப உட்கார்ந்தேன். அவளை நான் மன்னிக்கவில்லை, பாலு. உனக்காக நான் மன்னிக்கவும் முடியாது. அவளும் என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. கிளம்பும்போது, உனக்கு எல்லாவற்றையும் எழுதப் போகிறேன் என்று சொன்னேன். "எழுதுங்க" என்றாள், அவ்வளவுதான்.

என்மேல் உனக்கு வருகிற கோபத்துக்கு நான் இங்கேயே இருக்கிறேன், எங்கும் போக மாட்டேன். முதலில் அவளிடம் போ. வெள்ளிக்கிழமை வரை அங்கே இருப்பாளாம். பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். மன்னிப்புக் கேள் என்று நான் சொல்லவில்லை. பூட்டினது நீங்கள் இல்லை என்று தெரிந்துகொண்டேன் என்று மட்டும் சொல். அதற்குப் பிறகு அந்தக் காகிதத்தைப் பற்றி நீயே கேள். எனக்குச் சொன்னது எனக்கான பதில். உனக்குச் சொல்ல வேண்டியதை அவள் உன்னிடம்தான் சொல்ல வேண்டும். தூரத்தில் நின்றால் அவளுக்கு முகம் தெரியாது, கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நில்.

அம்மா